போர் முடிந்தது, வீடு திரும்புவது எப்போது?

படைக்கு ஆள் சேர்க்கும்போது அரசுகளுக்கு இருக்கிற வேகம், அவர்களைத் திருப்பி அனுப்பும்போது இருந்ததில்லை. தாணேயைச் சுற்றியுள்ள சில ரயில் நிலையங்கள் இதற்குச் சாட்சி.

கல்யாணைத் தாண்டி கர்ஜத் பக்கம் போகும் லோக்கல் ரயிலில் அடுத்து வருவது விட்டல்வாடி. அதற்கடுத்தது உல்லாஸ்நகர். இறங்கி ஆட்டோக்காரரிடம் போக வேண்டிய இடத்தைச் சொன்னால், அவர் முதலில் கேட்கும் கேள்வி: "எந்த கேம்ப்?" ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்ட கேம்ப்கள்தான் இந்த ஊரின் பேட்டைகள். ஜீன்ஸ் தைக்கும் பட்டறைகள், மரச்சாமான் கடைகள், சிந்தி இனிப்புக் கடைகள் என்று நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் தாணே மாவட்டத்து நகரம் இது. இங்கே முதலில் முகாம் போட்டது யார் என்பதை நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதாகத் தெரியவில்லை.

முகாம் போட்டது பிரிட்டிஷ் ராணுவம். இரண்டாம் உலகப் போரின்போது அதற்குப் பெயர் கல்யாண் டிரான்சிட் கேம்ப். சிப்பாய்கள் 6,000 பேரும், அவர்களைச் சார்ந்த மற்றவர்கள் 30,000 பேரும் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் போர்முனைக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார்கள். திரும்பிப் போக வேண்டியவர்களும் இங்கேதான் தங்கினார்கள். வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ரயில் தயாராக இருந்தது. திரும்புகிறவர்களுக்குக் கப்பல் தயாராக இருக்கவில்லை.

இந்த இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு ரயில் வரைபடமே பதில். 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கி.மீ. ஓடியது. மறு வருஷமே பாதை கல்யாணை எட்டியது. அங்கே அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காசாரா மலையேறி நாசிக் வழியாக டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகிறது. மற்றது போர்காட் மலையேறி புனே, சோலாப்பூர், குண்டக்கல் வழியாகச் சென்னைக்கு இறங்குகிறது. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கும் படை இந்தத் திசைகளில் எங்கே போவதானாலும் கல்யாணைக் கடந்துதான் ஆகவேண்டும். கப்பலேற வருகிற படையும் அப்படியே.

காசாரா பாதையில் தாணேயிலிருந்து சுமார் 150 கி.மீ. போனால் தேவ்லாலி. இப்போது இந்திய ராணுவத்தின் பீரங்கிப் பள்ளி அங்கே இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் இந்த ஊரின் பெயர் வேறு காரணத்துக்காகப் புழங்குகிறது. சித்தம் கலங்கிய ஆளைப் பற்றிப் பேசும்போது 'டூலாலி' என்பார்கள். அகராதியிலேயே ஏறிவிட்ட சொல். அது தேவ்லாலியின் மருவிய உருவம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேவைக்காலம் முடிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தேவ்லாலியில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கப்பல். 1867 முதல் 'குரோகடைல்', 'யூப்ரடீஸ்', 'ஜம்னா', 'மலபார்', 'செராபிஸ்' என ஐந்து துருப்புக் கப்பல்கள் இதற்கென்றே ஓடின. ஆனால் துருப்புக் கப்பல்கள் புறப்படுவது நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். ஏப்ரலில் ஒருவனுடைய ஒப்பந்தம் முடிந்தால் அவன் அடுத்த நவம்பர் வரை தேவ்லாலியில் கிடக்க வேண்டும். வேலை இல்லை. கவாத்து பெயருக்குத்தான். கையில் கொஞ்சம் காசு, வெளியே சாராயக் கடை, மே மாத வெயில், அப்புறம் மழை, அதோடு மலேரியா. சிப்பாய்கள் நிலைகுலைந்தார்கள், சண்டை போட்டார்கள், சிறைக்குப் போனார்கள். இதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'டூலாலி டாப்'. இதில் வரும் 'டாப்' ஆங்கிலமல்ல. மராத்தியில் இன்றைக்கும் காய்ச்சலுக்கு 'தாப்' என்றுதான் பெயர். தமிழில் நாம் சொல்லும் தாபமும் அதே வேரிலிருந்து வந்ததே. தேவ்லாலியில் மனநல மருத்துவமனை இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஏழு மாதம் ஒருவனைச் சும்மா உட்காரவைத்தால் மருத்துவமனை இல்லாமலேயே அந்த நிலைமை வந்துவிடும்.

இதை வெள்ளைக்காரனின் பழைய தலைவலி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1945-இல் இதே தலைவலி பல மடங்கு பெருத்து வந்தது. அப்போது அதில் சிக்கிக்கொண்டவர்களில் லட்சக்கணக்கான இந்தியர்களும் இருந்தார்கள்.

போர் தொடங்கிய 1939-இல் இந்திய ராணுவத்தின் பலம் சுமார் இரண்டு லட்சம். 1945-இல் அது 25 லட்சம். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் உலகில் திரட்டப்பட்ட மிகப்பெரிய படை அதுதான். பஞ்சாபிகளைப் போலவே சென்னை மாகாணத்துக்காரர்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். தமிழர்களை 'போர் மரபினர் அல்ல' என்று முத்திரை குத்தி, 1920-களில் மதராஸ் பட்டாளங்களைக் கலைத்த அதே அரசு, போர் வந்ததும் வெட்கமில்லாமல் மீண்டும் மதராஸ் ரெஜிமெண்டைத் தொடங்கியது. ஆள் தேவைப்பட்டபோது மரபெல்லாம் மறந்துபோயிற்று.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தார்கள். போக முடியவில்லை. முதல் காரணம் கப்பல் பற்றாக்குறை. உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. கைதிகள், காயம்பட்டவர்கள், உணவுச் சரக்கு எல்லாவற்றுக்கும் கப்பல் வேண்டும். இரண்டாவது காரணம் அரசியல். போர் முடிந்ததே தவிர, பழைய காலனிகளை மீட்டுக் கொடுக்கும் வேலை முடியவில்லை. டச்சுக்காரர்கள் வந்து சேரும்வரை ஜாவாவையும் சுமத்ராவையும் கட்டிக்காக்க அனுப்பப்பட்டவை இந்தியப் படைப்பிரிவுகள். பிரெஞ்சுக்காரர்களுக்காக சைகோனுக்குப் போனதும் இந்தியப் படைப்பிரிவே. பர்மாக் காட்டில் ஜப்பானியனோடு போராடித் தப்பித்தவன், 1945 நவம்பரில் சுரபாயாவில் இந்தோனேசிய சுதந்திரப் போராளியின் துப்பாக்கிக்கு எதிரே நின்றான். இந்தியத் துருப்புகள் இந்தோனேசியாவைவிட்டு வெளியேறியபோது 1946 நவம்பர் ஆகிவிட்டது.

முதலில் பொறுமை இழந்தவர்கள் இந்தியர்களல்ல. பிரிட்டனில் வயதையும் சேவைக்காலத்தையும் கணக்கிட்டுப் படையினரை விடுவிக்கும் திட்டம் 1945 ஜூனில் அமலுக்கு வந்தது. காகிதத்தில் அது நியாயமான திட்டம்தான். ஆனால் ஐரோப்பாவில் இருந்தவன் கால்வாயைக் கடந்து ஒரே நாளில் வீட்டுக்குப் போக, கிழக்கே இருந்தவன் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தான். 1946 ஜனவரியில் கராச்சியின் டிரிக் ரோடு விமானத்தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையினர் வேலைக்குப் போக மறுத்தார்கள். கான்பூர், இலங்கை, சிங்கப்பூர் என்று அது பரவி, சுமார் அறுபது தளங்களில் ஏறக்குறைய 50,000 பேர் பங்கெடுத்த வேலைநிறுத்தமாயிற்று. அதே மாதம் மணிலாவில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். எல்லோருடைய கோரிக்கையும் ஒன்றே: வீட்டுக்கு அனுப்பு.

ஒரு மாதம் கழித்து பம்பாயில் இந்திய மாலுமிகள் எழுந்தபோது, வரலாறு அதற்கு வேறு பெயர் கொடுத்தது. கடற்படைக் கலகம், கப்பற்படை எழுச்சி, சுதந்திரப் போரின் கடைசி அத்தியாயம். இந்தப் பெயர்களில் எதுவும் தவறில்லை. ஆனால் அந்தப் பையன்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைப் பட்டியலை ஒருமுறை படித்தால், கொடி, கோஷம் இவற்றுக்கு நடுவே வேறொரு கவலையும் தெரியும்.

சம்பவங்கள் பலருக்கும் தெரிந்தவை. கொலாபாவில் இருந்த சிக்னல் பயிற்சித்தளமான 'தல்வார்'. அதன் தளபதி கிங், மாலுமிகளைக் கேவலமான வார்த்தைகளால் திட்டியதாகப் புகார். 1946 பிப்ரவரி 18 காலை சுமார் 1,100 மாலுமிகள் சாப்பிட மறுத்தார்கள். சோறு மோசம் என்பது உடனடிக் காரணம். மறுநாள் பம்பாய்த் துறைமுகக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. கராச்சி, கல்கத்தா, விசாகப்பட்டினம், கொச்சி என்று பரவியது. சென்னையில் 'அடையாறு' கரைத்தளத்து மாலுமிகளும் இறங்கினார்கள். மொத்தம் 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள். எம்.எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத்தலைவராகவும் ஒரு மத்திய வேலைநிறுத்தக் குழு அமைந்தது. 21-ஆம் தேதி காஸில் பாரக்ஸில் துப்பாக்கிச் சண்டை. பணியாவிட்டால் கடற்படையே அழிந்தாலும் கவலையில்லை என்ற பொருளில் அட்மிரல் காட்ஃப்ரே வானொலியில் மிரட்டினார். மாலுமிகளுக்காக பம்பாய் மக்கள் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு உணவுப் பொட்டலங்களோடு வந்தார்கள். 22-ஆம் தேதி நகரமே கடையடைத்தது. தெருக்களில் ராணுவம் சுட்டதில் 200-க்கும் அதிகமான பொதுமக்கள் செத்தார்கள். மாலுமிகளின் சாவை விட அவர்களுக்காகச் செத்தவர்களின் எண்ணிக்கை பல மடங்கு. சர்தார் படேலின் யோசனைப்படி, பழிவாங்கல் இருக்காது என்ற நம்பிக்கையில், 23-ஆம் தேதி சரணடைந்தார்கள்.

இனி அந்தப் பட்டியல். அரசியல் கைதிகளையும் ஐ.என்.ஏ. வீரர்களையும் விடுதலை செய்யவேண்டும். இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்பப் பெறவேண்டும். தளபதி கிங் மீது நடவடிக்கை வேண்டும். பிரிட்டிஷ் மாலுமிகளுக்குச் சமமான சம்பளம் வேண்டும். இவை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. இவற்றோடு இருந்த இரண்டு கோரிக்கைகளை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒன்று, சேவை முடிந்தவர்களைச் சீக்கிரம் விடுவித்து ஊருக்கு அனுப்பவேண்டும். மற்றது, அனுப்பும்போது எங்கள் உடுப்புகளைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

அந்த இரண்டாவதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம். அதே மாதங்களில் ராணுவத்திலிருந்து விலகிய ஒவ்வொரு பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் அரசு ஒரு புது சூட், சட்டை, டை, தொப்பி, காலணி, மழைக்கோட்டு கொடுத்து அனுப்பியது. இந்திய மாலுமியோ போட்டிருக்கிற சீருடையையாவது விட்டுவையுங்கள் என்று கேட்கவேண்டியிருந்தது. பதினெட்டு வயதில் கடற்படைக்கு ஓடிவந்தவன் இருபத்திரண்டு வயதில் ஊர் திரும்பும்போது, உடுத்திக்கொள்ள அவனிடம் வேறு உருப்படியான துணி இல்லை. அது துணிப் பஞ்ச காலமும்கூட, ரேஷனில்தான் துணி. மதுரை ஸ்டேஷனிலோ திருநெல்வேலி ஸ்டேஷனிலோ எந்தக் கோலத்தில் இறங்குவது என்பது அவனுக்கு மானப் பிரச்சினை.

போருக்கு முன் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத கடற்படை, 1945-இல் சுமார் 30,000 பேராக வீங்கியிருந்தது. அதில் படித்தவர்கள் அதிகம். சிக்னல், வயர்லெஸ், ரேடார் வேலைக்கு மெட்ரிகுலேஷன் பையன்களாகப் பார்த்து எடுத்தார்கள். தென்னிந்தியர்களும் கணிசமாக இருந்தார்கள். நல்ல சம்பளம், நல்ல எதிர்காலம் என்று ஆசைகாட்டி அழைத்து வந்தார்கள். போர் முடிந்ததும் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்வுக்கு வர, ஆட்கள் பம்பாய்த் தளங்களில் குவிந்தார்கள். எப்போது விடுவிப்பார்கள் என்று தெரியாது. விடுவித்தால் என்ன வேலை என்பதும் தெரியாது. வேலையில்லாமல் அடைத்துவைத்த ஆட்களின் மனம் எப்படிக் கொதிக்கும் என்று தேவ்லாலி ஏற்கெனவே ஒரு பாடம் நடத்தியிருந்தது. கடற்படைத் தலைமை அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

பிறகு அரசு அமைத்த விசாரணைக் கமிஷனுக்கு பாட்னா தலைமை நீதிபதி சையத் ஃபசல் அலி தலைவர். கொச்சி தலைமை நீதிபதி கே.எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்காரும் லாகூர் நீதிபதி மெஹர் சந்த் மகாஜனும் உறுப்பினர்கள். இவர்களோடு இரண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள். சோறு, நிறவெறி, அதிகாரிகளின் நடத்தை இவற்றோடு, விடுவிப்பு குறித்த அதிருப்தியையும் கமிஷன் காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

அரசு இந்தப் பிரச்சினையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. படையிலிருந்து திரும்புகிறவர்களுக்கு வேலை தேடித்தர 1945 ஜூலையில் ஒரு தனி இயக்ககம் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் அது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஒவ்வொரு தமிழ்ப் பையனும் க்யூவில் நின்று பெயர் பதிந்துவிட்டு வந்தானே, அந்த எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்தான் அது. சிப்பாய்களைக் காக்கவைத்த அனுபவம் அதற்குப் பிறவியிலேயே உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

சரணடைந்த மாலுமிகளின் கதி என்ன ஆயிற்று? இங்கேதான் கதை மீண்டும் தாணேயின் வாசலுக்கு வருகிறது. பம்பாயிலிருந்து வரும்போது தாணேக்கு முந்தைய ஸ்டேஷன் முலுண்ட். கைதான மாலுமிகள் பலரை முலுண்ட் முகாமில் அடைத்தார்கள். பழிவாங்கல் இருக்காது என்ற பேச்சு காற்றோடு போயிற்று. விசாரணைகளுக்குப் பிறகு 476 பேர் டிஸ்மிஸ் செய்யப்பட்டார்கள். காவலோடு ரயிலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பு என்ற கோரிக்கை மட்டும் இந்த விதத்தில் நிறைவேறியது. சர்டிபிகேட்டில் கறுப்புப் புள்ளியோடு.

சுதந்திரம் வந்ததும் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். இந்தியக் கடற்படையும் எடுக்கவில்லை. பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. ஒழுங்கீனம் ஒழுங்கீனம்தான் என்றார்கள். 'தல்வார்' சுவர்களில் கோஷம் எழுதியதற்காக வேலைநிறுத்தத்துக்கு முன்பே பிடிபட்ட பி.சி. தத், பின்னாளில் பம்பாயில் பத்திரிகையாளரானார். 1971-இல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். தியாகிகள் பென்ஷன் பட்டியலில் கடற்படை எழுச்சிக்கும் இடம் கிடைத்தது பல வருஷங்கள் கழித்துத்தான். இன்று கொலாபாவில் மாலுமிக்கு ஒரு சிலை நிற்கிறது. மதன் சிங், பி.சி. தத் இருவர் பெயரையும் கடற்படை தன் இரண்டு இழுவைப் படகுகளுக்கு வைத்தது. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவந்து சேர்ப்பது அவற்றின் வேலை.

1948 பிப்ரவரி 28 அன்று கடைசி பிரிட்டிஷ் துருப்பு, சாமர்செட் லைட் இன்ஃபன்ட்ரி, கேட்வே ஆஃப் இந்தியா வழியாக நடந்து கப்பலேறியது. இந்தியப் படைகள் அணிவகுத்து மரியாதை செய்து வழியனுப்பின. முலுண்டிலிருந்து புறப்பட்ட ரயில்களுக்கு அப்படி எந்த மரியாதையும் நடக்கவில்லை.

காலியான கல்யாண் முகாம் நெடுநாள் காலியாக இருக்கவில்லை. பிரிவினையால் சிந்துவிலிருந்து ஓடிவந்தவர்களில் சுமார் ஒரு லட்சம் பேரை அந்த பாரக்குகளில் கொண்டுவந்து அடைத்தார்கள். சாக்குத்துணியைத் தொங்கவிட்டுக் குடும்பத்துக்குக் குடும்பம் மறைப்புக் கட்டிக்கொண்டார்கள். 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ராஜாஜி வந்து புது நகருக்கு அடிக்கல் நாட்டினார். பக்கத்தில் ஓடும் உல்லாஸ் நதியின் பெயர் ஊருக்கு வந்தது. வீடு திரும்பக் காத்திருந்தவர்களுக்காகக் கட்டிய முகாம், திரும்பிப் போக வீடே இல்லாதவர்களுக்கு நிரந்தரமாயிற்று. கேம்ப் நம்பர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சுதந்திர இந்தியாவில், அதுவும் தமிழகத்தின் கண்ணெதிரிலேயே, இந்தக் கதை இன்னொரு முறை நடந்தது. 1987 ஜூலை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கைக்கு அமைதிப் படை போனது சில நாட்களுக்குள். திரும்பியது அப்படி அல்ல. 1989 ஜூனில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாச, ஜூலை முடிவுக்குள் வெளியேறுங்கள் என்றார். டெல்லி தயங்கியது, பேசியது, செப்டம்பரில் ஒரு தேதி சொன்னது, அந்தத் தேதியும் கடந்தது. கடைசிப் பிரிவு திருகோணமலையைவிட்டுப் புறப்பட்டது 1990 மார்ச் 24 அன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சகாக்களை அங்கே பறிகொடுத்துவிட்டு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வரவேற்க, முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து மரணங்கள் இருந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் போகச் சொன்னவர்கள், சுடச் சொன்னவர்கள், தங்கியிருக்கச் சொன்னவர்கள் யாரும் அந்தக் கப்பலில் வரவில்லை. கப்பலில் வந்தவர்களில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். தங்கள் சொந்த மாநிலத் தலைநகரில் என்ன முகத்தோடு இறங்குவது என்று 1946-இல் மாலுமிக்கு இருந்த கவலை, வேறு காரணத்துக்காக அவர்களுக்கும் இருந்திருக்கும்.

போர் இல்லாத காலத்தில் சிப்பாயின் வீடு திரும்பல் இன்னும் சாதாரண விஷயம். ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். ராணுவத்தில் ஜவானுக்கு விதிகளின்படி உள்ள அளவு அது. கையில் ரயில்வே வாரண்ட் இருக்கும். பெரிய ஸ்டேஷன்களில் எம்.சி.ஓ. என்ற ராணுவ அலுவலகம் இருக்கும். ரயிலில் ராணுவத்துக்குத் தனி கோட்டாவும் உண்டு. இவ்வளவும் இருந்தும், விடுப்புத் தேதி சிப்பாயின் கையில் இல்லை. யூனிட்டில் யார் திரும்பிவந்தான், எல்லையில் என்ன நிலைமை என்பதைப் பார்த்து, இன்று போ என்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் இரண்டு மாதம் முன்பே முன்பதிவு செய்து நிரப்பிவிட்ட ரயிலில் அவன் அன்றைக்கு இடம் தேடவேண்டும். கோட்டாவில் இருப்பது சில படுக்கைகள். கேட்பவர்களோ ஒரு பட்டாளம்.

தூரம் வேறு. கன்னியாகுமரிக்கும் ஜம்முப் பக்கத்துக்கும் இடையில் ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் சுமார் 3,800 கி.மீ. போகிறது, மூன்று நாள் பயணம். அதுவும் வாரம் ஒருமுறை. ஜம்முவுக்கு வந்து சேர்வதே தனிப் பாடு. லடாக்கில் இருப்பவனுக்குக் குளிர்காலத்தில் மலைப்பாதை மூடிவிட்டால் சண்டிகருக்கு விமானம்தான் கதி. வானிலை சரியில்லாவிட்டால் அதுவும் இல்லை. அந்தமான் தீவுகளில் இருப்பவர்களுக்கு சென்னை தாம்பரத்திலிருந்து போய்வரும் விமானப்படையின் கூரியர் விமானம் ஒரு முக்கிய வழி. 2016 ஜூலை 22 அன்று அப்படித் தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. கடலடியில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டதாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். அதுவரை ஏழரை வருஷம் குடும்பங்கள் வெறுமனே காத்திருந்தன.

பயணமே போர்முனையாக மாறியது 2019 பிப்ரவரி 14-இல். ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை பனியால் மூடப்பட்டிருந்தது. ஜம்முவில் ஆட்கள் தேங்கிப்போனார்கள். பலர் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவர்கள். பாதை திறந்ததும் 2,500-க்கும் அதிகமான சி.ஆர்.பி.எஃப். வீரர்களை 78 வண்டிகளில் ஏற்றி ஒரே கான்வாயாக அனுப்பினார்கள். புல்வாமாவில் வெடிமருந்து நிரப்பிய கார் ஒன்று மோதி 40 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் தமிழர்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஒருவர், அரியலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 21 அன்று, டெல்லிக்கும் ஸ்ரீநகருக்கும், ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே மத்திய ஆயுதப் படைகளின் கீழ்நிலை வீரர்களும் விமானத்தில் போகலாம் என்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. விடுப்பில் போவதற்கும் வருவதற்கும் இது பொருந்தும். பயன்பெறுபவர்கள் 7,80,000 பேர் என்று அமைச்சகமே கணக்குச் சொன்னது. அதுவரை கான்ஸ்டபிளுக்கும் ஹெட் கான்ஸ்டபிளுக்கும் அந்த உரிமை இருக்கவில்லை. டிக்கெட் விலை ஒரு வாரத்தில் குறைந்துவிடவில்லை. அரசின் மனம்தான் மாறியது.

அரசு நினைத்தால் எவ்வளவு விரைவாக ரயில் விட முடியும் என்பதற்கு 2020 ஏப்ரல் உதாரணம். கொரோனாவால் நாட்டில் பயணிகள் ரயில் ஒன்றுகூட ஓடவில்லை. ஆனால் பெங்களூர், பெல்காம், செகந்திராபாத் பகுதிகளில் பயிற்சி முடித்து முடங்கிக் கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டு 17-ஆம் தேதி ஜம்முவுக்கு ஒரு ராணுவ ஸ்பெஷலும், 18-ஆம் தேதி குவாஹாட்டிக்கு இன்னொன்றும் புறப்பட்டன. இரண்டும் எல்லைப் பக்கம் போன ரயில்கள்.

கல்யாண் ஸ்டேஷனில் தெற்கே போகும் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது, தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் பிழைக்க வந்த தமிழர்களின் கூட்டம் முண்டியடிக்கும். அதற்கு நடுவே குஜராத்திலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வந்து வண்டி மாறுகிற ஒரு ஜவானும் இருப்பான். கறுப்பு டிரங்குப் பெட்டி, அதில் வெள்ளைப் பெயிண்டில் அவன் நம்பரும் பெயரும். ரிசர்வேஷன் உறுதியாகாவிட்டால் பெட்டியைப் பொதுப்பெட்டி வாசலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். சோலாப்பூரில் கொஞ்சம் பேர் இறங்குவார்கள், அப்போது உள்ளே இடம் கிடைக்கும் என்று யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள்.